பர்மா பூதத்துக்குப் பொன்னாடை

அவினாசி சாலைக் கல்யாண மண்டபத்தில், மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் அன்று மல்யுத்த வளையம் நின்றது. மேலே மெத்தை, மெத்தைக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் இரும்புச் சுருள், சுருளுக்குப் பக்கத்தில் ஒரு மைக். ஆள் விழுந்தால் அடியைச் சுருள் வாங்கிக்கொள்ளும், சத்தத்தை மைக் வாங்கிக்கொள்ளும். விழுந்தவன் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்தால் போதும்.

இந்த வளையத்தின் வில்லன் வின்ஸ்டன். அவனுக்கு இன்று பரீட்சை. நாடு முழுக்கச் சுற்றும் மல்யுத்தக் கம்பெனி ஒன்று வில்லன் தேடிக்கொண்டிருந்தது. அதற்காக ஹைதராபாத்திலிருந்து வந்த ஷ்ரவ்யா முன்வரிசையில் இருந்தாள். கூட்டம் வின்ஸ்டனை வெறுத்தால் வேலை அவனுக்கு.

சிக்கல் என்னவென்றால், கூட்டத்துக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. வாசலிலேயே வரிசை கட்டி நின்று அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பரம எதிரி வம்சியும் அவனும் சேர்ந்து புரோட்டீன் பவுடர் கலக்கும் வீடியோவை எல்லோரும் பார்த்து, லைக்கும் போட்டிருந்தார்கள்.

அவன் அப்பா அந்தோணிராஜ் காலத்தில் இப்படி இல்லை. அப்போதும் யார் ஜெயிப்பது என்று காலையிலேயே முடிவாகிவிடும்தான். ஆனால் அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தொண்டாமுத்தூரில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த அந்தோணிராஜுக்குப் பொருட்காட்சி மைதானத்தில் பெயர் 'பர்மா பூதம்'. பர்மாக்காரன் தமிழ் பேசக் கூடாது என்பதால், பொருட்காட்சி முடியும்வரை கடைகளில் கையைக் காட்டியே பீடி வாங்கினார். நல்லவனும் வில்லனும் ஒரே பஸ்ஸில் ஏறக் கூடாது, ஒரே கடையில் டீ குடிக்கக் கூடாது என்பது அன்றைய சட்டம்.

அந்த நல்லவர் ஐயாசாமி. ஆட்டம் நின்று எத்தனையோ வருஷமாகியும் இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் முறைத்துக்கொள்வார்கள். வியாழக்கிழமைதோறும் தனித்தனி பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் போய், பாக்கு மண்டிக்குப் பின்னால் ஒன்றாக உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவார்கள். வீட்டில் கேட்டால் அந்தோணிராஜ், "எந்த ஐயாசாமி?" என்பார்.

வின்ஸ்டன் மைக்கைப் பிடித்தான். கோயமுத்தூர்க்காரர்களை நிச்சயம் கொதிக்க வைக்கும் வசனத்தை எழுதி வாங்கி வந்திருந்தான்.

"உங்க சிறுவாணித் தண்ணிய எருமைகூடக் குடிக்காது."

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணா, இன்னொருக்கா சொல்லுங்க, வீடியோ எடுக்காம உட்டுப்போட்டேன்" என்றது ஒரு குரல்.

வின்ஸ்டன் இன்னொரு முறை சொன்னான். கை தட்டினார்கள். ஷ்ரவ்யா கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் ஒளித்தாள்.

பிறகு வம்சியோடு மோதினான். மோதும்போது எதிராளியோடு வாயைத் திறந்து பேச முடியாது, பிடியிலேயே பேச வேண்டும். மணிக்கட்டை அழுத்தினால், 'ஆரம்பிக்கலாம்' என்று அர்த்தம். அன்றும் இன்றும் மாறாதது இது ஒன்றுதான். வின்ஸ்டன் வம்சியின் கண்ணில் பொடியைத் தூவினான். "செம டைமிங்ணா" என்று பாராட்டு வந்தது.

இடைவேளையில் அறிவிப்பாளர் பாலகோபால் பழைய வீரர்கள் இருவரையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்.

"இப்ப ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு ஒரு போட்டோங்க" என்றார்.

ஐயாசாமி கைகளை விரித்துக்கொண்டு வந்தார். அந்தோணிராஜ் அசையவில்லை. ஐயாசாமி அவர் கையைப் பற்றினார். கட்டைவிரல் மணிக்கட்டை அழுத்தியதைக் கயிற்றோரம் நின்ற வின்ஸ்டன் மட்டும் பார்த்தான்.

அந்தோணிராஜ் கையை உதறினார். பொன்னாடையை உருவி, குனிந்து, நிதானமாகத் தன் செருப்பைத் துடைத்தார்.

ஐயாசாமி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். "ஏனுங்க, பெரிய மனுசன் பண்ற வேலையாங்க இது? மரியாத தெரியாதுங்களா?"

பின்னாலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது. அந்தோணிராஜ் அதை எடுத்துத் திறந்து ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்தார்.

"சிறுவாணி" என்று சொல்லித் துப்பினார்.

அதன் பிறகு கேட்டதெல்லாம் ஊளைதான். செல்போனைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் நாற்காலியைத் தூக்கினார்கள். கொட்டாவி விட்ட ஷ்ரவ்யா வளையத்தை நோக்கி ஓடி வந்தாள்.

ஒப்பந்தம் மேடைக்குப் பின்னாலேயே பேசி முடிந்தது. வில்லன், அந்தோணிராஜ்.

"உங்களுக்கும் ஒரு ரோல் இருக்கு" என்றாள் ஷ்ரவ்யா வின்ஸ்டனிடம். "இவர்கிட்ட ஊர் ஊரா அடி வாங்குற நல்ல பையன்."

வில்லன் வேலைக்காக வருஷக்கணக்காக உடம்பை ஏற்றிய வின்ஸ்டன் அப்பாவைப் பார்த்தான். அவர் சுவரில் ஒட்டியிருந்த கல்யாண அலங்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சரி என்றான்.

வெளியே பைக்கை எடுத்து, "ஏறுங்கப்பா" என்றான்.

"நீ போ. நான் பஸ்ஸுல வாரேன். சனம் பாக்குது" என்றார் அந்தோணிராஜ் உதடு அசையாமல். பிறகு சத்தமாக, "போடா, தண்டம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றாவது வரிசை அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த மனுசனுக்குப் போயிப் பொறந்திருக்கியே கண்ணு. ஊட்லயும் இப்படித்தானா?"

வின்ஸ்டனுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"ஆமாங்க்கா" என்றான். "தினமும்."