கூடத்தில் ஒரு இத்தாலி வண்டி

பதினோராவது உதைக்குத்தான் வண்டி மசிந்தது. முதல் பத்துக்கும் ஒரு இருமல்கூட இல்லை. மருந்துக்கடைக்காரர் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, கைப்பிடியில் இருந்த குட்டி நெம்புகோலை நூலளவு பின்னால் தள்ளிவிட்டு, மொத்த உடம்பையும் வலது காலில் இறக்கினார். 'துப்' என்றது. ஆற அமர யோசித்துவிட்டு இன்னொரு 'துப்'. அப்புறம் நிற்கவே இல்லை. எஞ்சினுக்கு வெளியே தாம்பாளம் அளவுக்கு இருந்த இரும்புச் சக்கரம் மினுமினுத்துச் சுழல, வாசல் முழுக்க நீலப் புகை. கால் நூற்றாண்டாக வாயைத் திறக்காத வண்டி, திறந்ததும் ஊரையே கூப்பிட்டது.

"ஓடுதுங்க! ஓடுது!" என்று அவர் மனைவி கையில் இருந்த துணியோடு குதித்தாள். மச்சான் விசிலடித்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கலைந்து எட்டிப் பார்த்த மாடி வீட்டுக்காரர்கள், திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டு கை தட்டினார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த இத்தாலி மோட்டார் சைக்கிள் ஒரு சட்டகமும் மூன்று சாக்குமூட்டையுமாக வந்து இறங்கியது. பழைய சாமான் வியாபாரி கோழிக்கூண்டுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். பெட்ரோல் டேங்குக்குள் கோழி இறகு, கார்புரேட்டருக்குள் குளவிக்கூடு. "இது வண்டியா, இல்ல விபத்தா?" என்று கேட்டாள் மனைவி. மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாததால் சட்டகம் கூடத்தில் நின்றது. சோபா படுக்கையறைக்குப் போனது. சாப்பாட்டு மேசையில் பாதி இடத்தை டேங்க் பிடித்துக்கொண்டது. வந்தவர்களெல்லாம் உட்கார இடமில்லாமல் நின்றபடியே பேசிவிட்டுப் போனார்கள். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது என்று அவளே பிறகு ஒப்புக்கொண்டாள்.

வண்டியோடு வந்த கையேடு இத்தாலி மொழியில் இருந்தது. "டாக்டருங்க கையெழுத்தயே முப்பது வருஷமா படிக்கிறேன், இத்தாலி எம்மாத்திரம்?" என்று அவர் படத்தைப் பார்த்தே பாதியைக் கோத்துவிட்டார். மீதிப் பாதிக்கு ஊர் ஊராகக் கடிதம் போட்டார். இருக்கைக்கு உறை தைத்தவள் மனைவி. ஊரில் பாதிப் பேருக்குத் துணி தைத்தவள்தான், ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த இருக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "எத்தனையோ பேருக்கு அளவெடுத்திருக்கேன். இதுக்கு இடுப்பு எங்கன்னே தெரியலையே!" மூன்று முறை பிரித்துத் தைத்தாள். மூன்றாவது முறை கறுப்புத் தோலின் ஓரத்தில் யாரும் கேட்காமலே சிவப்பு நூலில் இரட்டைத் தையல் போட்டாள். அன்றிலிருந்து அது 'அவர் வண்டி' என்பது போய் 'நம்ம வண்டி' ஆனது.

இப்போது, ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டியின் அருகே குனிந்து நின்றவள் முகம் சுளித்தாள்.

"கூடவே டிக் டிக்னு ஒண்ணு கேக்குதுங்க. தையல் மிஷின்ல ஊசி நெளிஞ்சா கேக்குமே, அது மாதிரி."

"உனக்கு எல்லாமே தையல் மிஷின்தான்."

"அக்கா சொல்றது சரிதான் மாமா, எனக்கும் கேக்குது" என்றான் மச்சான்.

"அக்காவும் தம்பியும் சேர்ந்து கண்ணு போடாதீங்க. நான் கோத்த எஞ்சின் எனக்குத் தெரியாதா?" வெடுக்கென்று எஞ்சினை அணைத்தார். வண்டிமேல் போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கொண்டாட இருந்த ஞாயிறு அப்படியே உப்புச்சப்பில்லாமல் முடிந்தது.

அவருக்கு அந்த டிக் டிக் கேட்கவே இல்லை. காதைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்தாலும் கேட்டிருக்காது. முதலில் அலாரம் போயிற்று. பிறகு கடைக்கதவின் மணி, பிறகு குழந்தைகளின் குரல். ஐம்பத்தைந்து வயதில் காது போவது ஒன்றும் தலை போகிற காரியமில்லை, வேறு தொழிலாக இருந்தால். மருந்துப் பெயர்களோ ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்தவை போல ஒலிக்கும். அதனால் கல்லாவில் ஒரு தாள்கட்டு வைத்து, வருபவர்களிடம் "பேர எழுதிடுங்க" என்று நீட்டினார். என்ன பொறுப்பான மனுஷன் என்று ஊர் மெச்சியது. போன மாதம் கையில் கட்டுப் போட்ட ஒருவர் எழுத முடியாமல் வாயால் சொன்னார். இவர் எடுத்து நீட்டியது வேறு மாத்திரை. அந்த ஆள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லீங்களே" என்று சிரித்தார். இவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. வெளியே சொன்னால் கடைப்படியை எவன் மிதிப்பான்? சொல்லாவிட்டால்? அந்த 'சொல்லாவிட்டால்' வரும்போதெல்லாம் அவர் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

புதன்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து, போர்வையை நீக்கி, மறுபடி உதைத்தார். துப், துப், துப். இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது மனைவி எதிரே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"பின்னாலேர்ந்து நாலு தடவ கூப்பிட்டேன்" என்றாள்.

அவர் எஞ்சினை அணைத்தார். "எனக்குக் கேக்கலம்மா. வண்டி மட்டும் இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"போன வருஷம் குளியலறைக் குழாய் உடைஞ்சு போச்சுன்னு சொன்னேன். 'உனக்கு எடுப்பா இருக்கு'ன்னீங்க. அப்பவே தெரியும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஏன் கேக்கல நீ?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். இவ்வளவு பிடிவாதம்னு நெனைக்கல."

மாற்றிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி அவர் சொன்னார். ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் தைரியம் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "எழுதித் தராதவங்களுக்கு இனி மருந்து கிடையாது. திங்கக்கிழமை காது டாக்டர்" என்றாள். பிறகு உள்ளே போய், துணி வெட்டும் மேசையிலிருந்து மர அடிக்கோலை எடுத்து வந்தாள். "மிஷின் மக்கர் பண்ணா நான் இத வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன். உதைங்க."

வண்டி ஓடியது. கோலின் ஒரு முனையை எஞ்சின் தலையில் வைத்து, மறுமுனையை அவர் காதில் வைத்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் விடவில்லை. காது மடலை முன்னால் மடித்து, பின்னால் இருந்த எலும்பில் கோலை அழுத்தினாள்.

மரத்தின் வழியாகச் சத்தம் நேராக மண்டைக்குள் நடந்து வந்தது. பெரிய 'துப்' மட்டுமல்ல. அதன் இடுக்கில் எண்ணெய் சலசலப்பது, பல்சக்கரம் உரசுவது, சக்கரம் காற்றை வெட்டுவது, எல்லாம். எல்லாவற்றுக்கும் மேலே, திருடன் பிடிபட்டது போல, டிக் டிக் டிக்.

"இருக்கு!" என்று கத்தினார். "ஏய், இருக்கு! டிக் டிக்னு இருக்கு!" கெட்ட செய்தியை அப்படி ஒரு சந்தோஷத்தோடு சொன்ன ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கோலை அவளிடம் திருப்பித் தரவே இல்லை. அரை மணி நேரம் வண்டியின் உடம்பெல்லாம் வைத்துவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வால்வின் இடைவெளிதான் காரணம், தலைமுடி கனம் கூடிப்போயிருந்தது. மறுநாளே சரிசெய்தார். டிக் டிக் போய்விட்டது என்று அக்காவும் தம்பியும் சொன்னார்கள்.

திங்கள் காலை, காது டாக்டரிடம் போனதுதான் வண்டியின் முதல் ஓட்டம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். முதல் திருப்பத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தார். வண்டி எகிறி, ஒரு தபால் பெட்டியில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. பின்னால் இருந்தவள் "மெதுவா" என்று கத்துவாள் என எதிர்பார்த்து கண்ணாடியில் பார்த்தார். முந்தானை பறக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, பல் அத்தனையும் தெரிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அவர் பரீட்சைக்கு வந்த பையன் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காத்திருந்தவர்கள் நடுவில் மனைவி நின்றுகொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கால் உயர்ந்தது. கிக்கரை உதைத்துக் காட்டினாள். பத்து முறை தோற்றுக் காட்டினாள். பதினோராவதுக்குக் கன்னத்தை உப்பி, உதடு 'துப்' என்று பிரிய, இரண்டு தோளையும் குலுக்கினாள். கட்டுப் போட்ட காதோடு இருந்த பெரியவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அவர் பொத்தானை அழுத்தினார்.

"சார், நான் இன்னும் சத்தமே போடலையே" என்றார் டாக்டர், ஹெட்போன் வழியாக.

அவர் டாக்டரைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் மறுபடி காலை உயர்த்தினாள். அவர் விரல் மறுபடி அழுந்தியது.