இருபதுக்குப் பத்தொன்பது

“வெளியே போகும்போது நோயாளியைக் கட்டிப் போட்டுவிட்டுப் போவது சரியா, தவறா?” என்று ஏழாவது கேள்வியைப் பயிற்சி கொடுக்க வந்த பானுப்பிரியா வாசித்தாள். அந்த நேரத்தில் சோலையம்மாளின் புருஷன் சீனிச்சாமி இருபது கிலோமீட்டருக்கு அப்பால், வீட்டுக் கட்டில் காலோடு கணுக்கால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். சோலையம்மாள் ‘தவறு’ என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் அடித்தாள்.

மறதி நோய்க்காரர்களை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் சூலக்கரையில் நடத்திய ஐந்து நாள் பயிற்சியின் கடைசி நாள் அது. இரண்டாயிரத்து எட்டு, மாசி மாதம். பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவள் வந்தது பாடம் படிக்க அல்ல. பயிற்சி முடிந்ததும் சில வீடுகளுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு ஆளை அனுப்புவார்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை நோயாளியோடு இருப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆள் அவளுக்கு வேண்டும். போன ஆடியில் சீனிச்சாமி கால்போன போக்கில் நடந்துபோய் இருக்கன்குடிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் கிடைத்தார். அதற்குப் பிறகுதான் கட்ட ஆரம்பித்தாள், தோல் உரியாமலிருக்கப் பழைய சேலையைப் பட்டையாகக் கிழித்து. கட்டிவிட்டு வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே காறித் துப்பிக்கொள்வாள்.

முதல் நாளும் இதே கேள்வித்தாளைத்தான் கொடுத்தார்கள். பாடத்துக்கு முன்னால் எவ்வளவு தெரியும், பின்னால் எவ்வளவு தெரியும் என்று அளந்து பார்க்கவாம். அன்றைக்கு உள்ளதை உள்ளபடி போட்டாள். கட்டலாம், அதட்டலாம், கதவைப் பூட்டலாம். கடைசி நாள் கதை வேறு. மதுரையிலிருந்து கழுத்தில் அட்டை தொங்க மூன்று பேர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாலு நாளாகச் சிரித்துச் சிரித்துப் பேசிய பானுப்பிரியாவின் முகம் வெளிறிப்போனது. சோலையம்மாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இருபது வருஷமாகப் பார்க்காத சங்கதியா? கம்பெனிக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் போர்மேன் முகம் இப்படித்தான் போகும். ரூமுக்கு நாலு பேர் என்பது சட்டம். பத்துப் பேர் இருந்த ரூமிலிருந்து ஆறு பேரைக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். மிச்ச நாலு பேரும் கேட்டதற்கெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி பதில் சொல்லவேண்டும். பிசகினால் கம்பெனிக்குப் பூட்டு, எல்லார் அடுப்பிலும் பூனை தூங்கும். நல்லபடியாகச் சொன்னால் நல்லது நடக்கும். இந்தப் பிள்ளை வேலையும் பிழைக்கட்டும், நமக்கும் ஆள் கிடைக்கட்டும் என்று மளமளவென்று அடித்துத் தள்ளினாள்.

பக்கத்தில் ராக்காயி. அதே தெருக்காரி, காட்டு வேலைக்குப் போகிறவள், மாமியாருக்கு மறதி. அவள் ‘சரி’யில் டிக் அடிப்பதைப் பார்த்துவிட்டுச் சோலையம்மாள் விலாவில் இடித்தாள்.

“ஏத்தா, தப்புன்னு போடு. பின்னால ஆள் வந்து உக்காந்திருக்காக, பாக்கலியா?”

“கட்டத்தான செய்யிறேன். இதுல என்னத்த மறைக்க?”

கம்பெனி வாசலையே மிதிக்காதவளுக்கு இன்ஸ்பெக்டரைப் பற்றி என்ன தெரியும் என்று சோலையம்மாள் விட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் பானுப்பிரியா தெருவுக்கு வந்தாள். கூடவே நடுத்தர வயதில் ஒரு பெண்மணி. சோலையம்மாளுக்கு வயிறு குளிர்ந்துபோனது.

“அக்கா, நீங்கதான் ஃபர்ஸ்ட். இருபதுக்குப் பத்தொம்பது. மொத நாள் மூணுதான் எடுத்திருந்தீங்க. மதுரையில ஒங்க பேப்பரத்தான் எல்லாருக்கும் எடுத்துக் காட்டுறாங்க.”

“சரி தாயி. இவுக நம்ம வீட்டுக்கா?”

“இல்லக்கா. கம்மியா வாங்குனவங்களுக்குத்தான் ஆள். இவங்க ராக்காயி அக்கா வீட்டுக்கு. நீங்கதான் எல்லாத்தையும் கத்துக்கிட்டீங்களே, தனியாவே சமாளிச்சிருவீங்க.”

அந்தப் பிள்ளை அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் வாயைக்கூடத் திறக்கவில்லை.

“அந்தப் பேப்பரத் திருப்பித் தாங்க தாயி. நான் தப்பாப் போட்டுட்டேன்.”

“ஒண்ணுதானக்கா தப்பு.”

“அம்புட்டும் தப்பு.”

பானுப்பிரியா சிரித்தாள். “அதெல்லாம் மேல அனுப்பியாச்சுக்கா.”

உள்ளே கூட்டிப்போய்ச் சீனிச்சாமியின் கணுக்காலைக் காட்டினால் போதும். கருத்துக் காய்ப்பேறிப்போய்க் கிடக்கிறது. ஆனால் அதை இன்னொருத்தி பார்ப்பதை நினைத்தாலே சோலையம்மாளுக்கு உடம்பு கூசியது. வாசலை மறித்தபடியே நின்று அவர்களைப் போகவிட்டாள்.

மறுநாள் காலை ராக்காயி வீட்டு வாசலில் அந்தப் பெண்மணி கிழவிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். கிழவி கண்ணை மூடிச் சுகமாக உட்கார்ந்திருந்தது. சோலையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தூக்குவாளியில் சோற்றை எடுத்து வைத்தாள். தெருமுனையில் கம்பெனி வேன் ஹார்ன் அடித்தது.

பெண்டாட்டி பெயரும் பெற்ற பிள்ளை பெயரும் மறந்துபோன மனுஷன், அந்தச் சத்தத்துக்கு எழுந்தார். யாரும் சொல்லவில்லை. தானாகவே கட்டிலருகே போய்த் தரையில் உட்கார்ந்து, வேட்டியை முழங்கால்வரை ஒதுக்கிக்கொண்டு, அவள் பக்கமாகக் காலை நீட்டினார்.