மஞ்சள் சூடு

கிருஷ்ணப்ரியா தினமும் தன் முகத்தின் மேலேயே படுத்துத் தூங்கினாள்.

மூன்று வயதில் அவளுக்குக் காது குத்தியபோது மண்டப வாசலில் கட்டிய ஃபிளக்ஸ் அது. தலையில் கிரீடமும் கையில் ரோஜாப்பூவுமாகச் சிரிக்கிற அந்தப் பெரிய முகத்தை அம்மா உமாதேவி நாலாக மடித்துப் பாயின் மேல் போடுவாள். அதன் மேல் ஒரு பழைய போர்வை. மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் விரிப்பு ஒரே கோடையில் வெடித்துப் போனபிறகு அவளாகக் கண்டுபிடித்த வழி இது. ஃபிளக்ஸை ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாய் திறக்கிற கோவில்பட்டித் தெருவில் குடியிருப்பவளுக்கு ஒரு சொம்பு மிச்சம் என்பது சின்ன விஷயமில்லை.

பிள்ளைக்கு ஒன்பது வயது முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், பாதிக் கணக்கில் எழுந்து ஜன்னலுக்குப் போவாள், ரயில் சத்தம் கேட்டால் பெட்டிகளை எண்ணாமல் திரும்ப மாட்டாள். வாரத்துக்கு ஒரு டிபன் பாக்ஸ் மூடி தொலையும். டீச்சர் சொல்லித்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டரம்மா ஒரு மணி நேரம் பிள்ளையோடு பேசி, விளையாடவிட்டுப் பார்த்து, ஏ.டி.எச்.டி. என்று சொன்னார். எல்லாம் முடிந்து எழுந்த பிறகு, கதவருகே நின்றுகொண்டுதான் உமா அந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னாள். டாக்டரம்மா மறுபடி உட்காரச் சொன்னார்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்ககிட்ட இதுவும் சேர்ந்து இருக்கிறது உண்டும்மா. வேணும்னு செய்யறதில்ல. மூத்திரப் பை நிறைஞ்சதும் மூளைக்குச் சேதி போகுது. இவ தூக்கத்துல அது கதவைத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருது. அவ்வளவுதான்."

பகலில் நிறையத் தண்ணீர் கொடுங்கள், சாயங்காலத்துக்கு மேல் குறையுங்கள். விளையாட்டில் மறந்துவிடுவாள், நீங்கள்தான் நேரம் பார்த்து அனுப்ப வேண்டும். படுக்கும் முன்னால் இரண்டு தடவை. திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உமா அத்தனையும் செய்தாள். இரண்டு தடவை போய்விட்டு வந்தால் காலண்டரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டலாம் என்று பிள்ளைக்கு ஏற்பாடு. நனையாததற்குப் பொட்டு இல்லை, போய் வந்ததற்குத்தான். வாரம் ஏழு நாளும் நனைந்த போர்வை இரண்டு மாதத்தில் நாலு நாளாயிற்று.

அவள் கணவன் மணிகண்டபிரபு ஒரு தீப்பெட்டி ஆபீசுக்கு லோடு வேன் ஓட்டுகிறவன். பிள்ளையை ஒரு வார்த்தை வைததில்லை. காலையில் வேனை எடுக்கும் முன்னால் போர்வையின் ஒரு முனையை அவன் பிடிக்க, மறுமுனையை உமா பிடிக்க, ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிவார்கள். கடைசிச் சொட்டுக்கு அவன் வேண்டுமென்றே ஒரு சுண்டு சுண்டுவான். உமா தடுமாறி இரண்டு எட்டு அவன் பக்கம் வருவாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர்களுக்கென்று தனியாகக் கிடைத்த நேரமெல்லாம் அந்த மாதிரிதான், ஏதாவது ஒரு வேலைக்கு நடுவில்.

"மொட்டமாடியில ஒங்க ரெண்டு பேரு கூத்தும் தாங்கல" என்பாள் பக்கத்து வீட்டு நேசம்மாள். "ஏட்டி உமா, எங்க வீட்டுப் போர்வையும் ரெண்டு கெடக்கு. அதையும் பிழிஞ்சு தந்தா ஜெபத்துல சேத்துக்கிடுதேன்."

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை பிரபுவின் அக்கா செண்பகவல்லி வந்தாள். எட்டயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது ஆடும், மழை பார்த்து விதைக்கிற நாலு ஏக்கர் கரிசலும் வைத்திருக்கிறாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனுக்கு இன்றைக்கும் அவள் முன்னால் குரல் எழும்பாது. வரும்போது ஒரு பை நிறையப் பாசிப்பயறும், பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசும் கொண்டுவந்தாள். கொலுசைப் போட்டுவிட்டு, கை கழுவக் கொல்லைப்புறம் போனவள் கொடியில் கிடந்த ஃபிளக்ஸைப் பார்த்துவிட்டாள்.

"இன்னுமா நிக்கல?"

"கொறஞ்சிருக்கு மதினி. டாக்டரு சொன்ன மாதிரி செய்யுதோம்."

"டாக்டரு என்னத்தச் சொன்னாவ, தண்ணி குடிக்காதன்னா? பொம்பளப் பிள்ள உமா. இன்னும் ரெண்டு வருசத்துல ஆளாயிருவா. ஒரு வீட்டுக்குப் போற பிள்ள இதையுமா கொண்டுட்டுப் போவா?" செண்பகவல்லி குரலைத் தாழ்த்தினாள். கோபமாக இல்லை, கரிசனமாகத்தான். "கொப்பூழுக்குக் கீழ மஞ்சளச் சுட்டு ஒரு சூடு. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். வயிறு ஊதுன ஆட்டுக்கு எத்தன போட்டிருக்கேன். ஒண்ணு செத்திருக்கா?"

"ஆட்டுக்கும் பிள்ளைக்கும் ஒண்ணா மதினி?"

"அதுவும் சீவந்தான."

உமா தட்டில் சோற்றை வைத்தாள். அக்காவை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிரபுவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"பிள்ள மேல யாரும் சூடு போட விடமாட்டேன்னு சொல்லுங்க."

"ஏட்டி, என்ன நீ."

"சொல்லுங்க."

"விடமாட்டேன்" என்றான்.

வைகாசி முதல் ஞாயிறு, ஆடு மூன்று குட்டி போட்டிருக்கிறது, பிள்ளை பார்க்கட்டும் என்று அக்கா போன் பண்ணினாள். கிருஷ்ணப்ரியா விடிவதற்கு முன்னாலேயே செருப்பு மாட்டி நின்றாள், இரண்டும் வேறு வேறு ஜோடி. உமாவும் கிளம்பியிருப்பாள். ஆனால் அன்று எட்டாம் நாள். காலையில் வருமா, மதியம் வருமா என்று தெரியாத தண்ணீருக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு டிரம்மும் காலியாகக் கிடந்தன. பிரபுவை வாசலில் நிறுத்தி, கண்ணைப் பார்த்து, "நெனப்பிருக்குல்லா?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

தண்ணீர் மூன்று மணிக்கு வந்தது. டிரம், குடம், சட்டி, பிள்ளையின் வாட்டர் பாட்டில் வரை நிரப்பி முடித்து, உமா ஈரப் பாவாடையோடு நிற்கும்போது பைக் வந்தது. பைக் நிற்பதற்குள் குதிக்கிற பிள்ளை அன்று குதிக்கவில்லை. அப்பா இறக்கிவிடும் வரை காத்திருந்தாள். குட்டி எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "கருப்பு ரெண்டு, செவல ஒண்ணு" என்று பாடம் ஒப்பிக்கிறவள் போலச் சொன்னாள்.

குளிக்க வைக்கச் சட்டையைக் கழற்றியபோது உமா பார்த்தாள். கொப்பூழுக்கு இரண்டு விரல்கடை கீழே, பட்டாணி அளவில், சுற்றிலும் சிவந்து, நடுவில் தோல் வெந்து, வெண்ணெய் தடவியிருந்தது.

அவளுக்கு அந்த அளவு தெரியும். அந்த இடம் தெரியும். கல்யாணமான புதிதில் பிரபுவின் வயிற்றில் அதே இடத்தில் இருந்த தழும்பை விரலால் தொட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறாள். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் மருந்து தெறித்தது என்றான் அவன். பாவம் என்று அவள் அன்றைக்கு அழுதுகூட இருக்கிறாள்.

பிள்ளைக்குத் துவட்டி, மருந்து போட்டு, பக்கத்து வீட்டில் நேசம்மாளிடம் விட்டுவிட்டு வந்தாள். அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"ஒங்களுக்குத் தெறிச்சது மருந்தில்ல."

"இல்ல."

"யாரு பிடிச்சா பிள்ளைய?"

அவன் பைக் சாவியைக் கையில் உருட்டினான்.

"கேக்கேன்ல. மதினி மஞ்சளப் பிடிச்சிருப்பாவ. பிள்ளையோட கைய யாரு பிடிச்சா?"

"அக்கா கேக்கல உமா. நான் சொல்லிப் பாத்தேன். ஒனக்கு நின்னுச்சே, ஒம் பிள்ளைக்கு நிக்க வேண்டாமாங்கா. அவகிட்ட என்ன சொல்ல?" பிறகு மெதுவாகச் சொன்னான். "எனக்கு நின்னுச்சு."

அன்றிலிருந்து உமா அவனோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை போர்வை காய்ந்திருந்தது. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாளும். செண்பகவல்லி போனில், "நான் சொல்லலியா? நான் சொல்லலியா?" என்று சிரித்தாள். பஸ் கண்டக்டரிடம் ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தனுப்பினாள். உமாவுக்குத் தன்னை நினைத்தே கசந்தது. நாலாம் நாள் காலையில் கையை விட்டுத் தடவிப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று தெரிந்ததும், ஒரு வாளித் தண்ணீர் மிச்சம் என்று அவள் மனசு முதலில் நினைத்தது. பிள்ளையின் வயிற்றுப் புண் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒருவேளை, என்றுகூட நினைத்தாள்.

கிருஷ்ணப்ரியா பகலில் சுருண்டு சுருண்டு தூங்கினாள். விடுமுறை நாளில் தெருவையே இரண்டாக்குகிற பிள்ளை, ரயில் போனபோதும் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள் உமா. காலண்டரில் பொட்டும் ஏறவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் டிரம்முக்குப் பின்னால் விழுந்த சொம்பை எடுக்கக் குனிந்தவளுக்கு வாடை அடித்தது. கையை விட்டாள். சுருட்டிய பாவாடை ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒரு துண்டு. மொத்தம் ஐந்து உருப்படி. அடியில் கிடந்தது பூசணம் பிடித்திருந்தது.

பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடவில்லை. கை மட்டும் வயிற்றைப் பொத்திக்கொண்டது.

உமா தரையிலேயே உட்கார்ந்தாள். "இங்கன வாடா. அம்மா வையமாட்டேன். எப்படிச் செஞ்ச, சொல்லு."

"போர்வையில படுக்கலம்மா. நீ தூங்குனதும் தரைக்குப் போயிருவேன். தரையின்னா தொடச்சிரலாம், காஞ்சிரும். அப்புறம் விடியமுன்ன போர்வைக்கு வந்துருவேன். நெறைய முழிச்சே இருப்பேன்." கொஞ்சம் பெருமைகூட இருந்தது அந்தக் குரலில். ஒரு வேலையை இடையில் விடாமல் முழுசாகச் செய்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

கிருஷ்ணப்ரியா யோசித்தாள். "சொல்லக்கூடாதுன்னு அப்பா சொல்லிச்சு."

பிரபு வந்தபோது ஐந்து துணியும் நடுவீட்டில் வரிசையாகக் கிடந்தன. அவன் வாசற்படியில் நின்றுவிட்டான்.

"பைக்ல வரும்போது சொல்லிக் குடுத்தீங்களோ?"

"அழுதா உமா. மறுபடி போடுவாங்களாப்பான்னு கேட்டா. நான் என்ன செய்ய? எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன்."

"அப்ப ஒங்களுக்கு நிக்கல."

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "எட்டாம் வகுப்பு வரைக்கும் இருந்துச்சு. ஒம்பது வயசுல அக்கா ரெண்டாவது சூடு போட மஞ்ச எடுத்துட்டு வந்தா. நின்னுருச்சுன்னு சொன்னேன். அப்புறம் தரையிலதான். அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

உமாவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. ஒன்பது வயதில் ஒரு பையன் பயந்து சொன்ன பொய்யை அவன் அக்கா முப்பது வருஷமாக நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் மஞ்சளைச் சுட்டிருக்கிறாள். பொய் என்று தெரிந்த ஒரே ஆள் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கிறான்.

போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். "மதினிகிட்ட சொல்லுங்க."

"இப்ப எதுக்கு? அவ தாங்கமாட்டா உமா. என்னய வளத்தவ."

"பிள்ள தாங்குனால்ல. சொல்லுங்க."

போட்டான். ஸ்பீக்கரை உமா அமுக்கினாள். ஆடுகள் கத்துகிற சத்தத்தோடு செண்பகவல்லி குரல் வந்தது. "என்ன தம்பி, பிள்ள எப்படி இருக்கா? நின்னுருச்சுல்லா?"

கிருஷ்ணப்ரியா அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"நின்னுருச்சுக்கா" என்றான் அவன்.

பிள்ளையின் தோள் இறங்கியது. நிம்மதியாக அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், கூட்டாளியைப் பார்த்துச் சிரிப்பது போல. அந்தச் சிரிப்பை உமாவால் பார்க்க முடியவில்லை. போனைப் பிடுங்கினாள்.

"மதினி, நிக்கல. ஒளிச்சு வச்சிருக்கா. ஒங்க தம்பிக்கும் அன்னைக்கு நிக்கல. ஒங்களுக்குப் பயந்துட்டுப் பொய் சொல்லியிருக்காவ."

அந்தப் பக்கம் ஆடு மட்டும் கத்தியது. பிறகு செண்பகவல்லி கேட்டாள். "ஏலே, அவ சொல்லுதது நெசமா?"

அவன் வாயைத் திறந்தான். உமா காத்திருந்தாள். பதினொரு வருஷத்தில் அவனிடம் அவள் இதற்குமுன் எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அவனுக்கு நின்னுச்சு உமா. நான் பாத்தேன்ல" என்றாள் செண்பகவல்லி, ஆதரவான குரலில். "பிள்ளைக்குச் சரியா விழலையோ என்னமோ. துள்ளிட்டாள்லா. அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க, நல்லா அழுத்தி..."

உமா போனை அணைத்தாள்.

"இனிமே பிள்ள அந்த ஊருக்கு வராது" என்றாள். "நீங்க போலாம். எப்ப வேணும்னாலும் போலாம்."

அவன் குனிந்து துணிகளைப் பொறுக்கினான். வழக்கம்போல ஒரு முனையை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஐந்தையும் அவனிடமிருந்து எடுத்துப் போய், இருந்த தண்ணீரில் அலசி, தனியாளாக முழங்காலில் அழுத்திப் பிழிந்து, மொட்டைமாடியில் தெருவைப் பார்த்த கொடியில் போட்டாள். நேசம்மாள் எட்டிப் பார்த்தாள். அன்று கேலி எதுவும் சொல்லவில்லை. கிளிப் ஐந்து எடுத்துக் கொடுத்தாள்.

இறங்கி வந்து பாயைப் போட்டு, ஃபிளக்ஸை விரித்து, அதன் மேல் துவைத்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். காலண்டருக்குப் பக்கத்தில் பொட்டு அட்டையை எடுத்து வைத்தாள்.

"வாடா. ரெண்டு தடவ போயிட்டு வந்து படு. நனஞ்சா நனையட்டும். அம்மா மாத்திக்கிடுதேன்."

கிருஷ்ணப்ரியா போய்விட்டு வந்தாள். போர்வையைப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகப் போய், வெறும் சிமெண்டுத் தரையில், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள்.

"இங்கனயே படுக்கேம்மா" என்றாள். "தரையின்னா காஞ்சிரும்."