கொழுந்தியாள் பரீட்சைக்கு மெக்கானிக் போட்ட பூட்டு

"நேத்தே திறந்து பாருங்கன்னு சொன்னேனா இல்லையா மாமா?"

"இறக்கி வச்சேன்ல? ஃபைல் இங்கதான இருக்கு. நானா தின்னுட்டேன்?"

"இறக்கினா போதுமா? ஓடணும்ல."

எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. இரவல் வாங்கிய கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று உள்ளே போனேன். மணி பத்தேகால்.

அந்த வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் கொழுந்தியாளுக்குப் பதினோரு மணிக்கு வேலைக்கான பரீட்சை. வெளியூர் மருந்து கம்பெனி. கம்ப்யூட்டரில் கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்கென்று ஒரு செயலி. பத்து ஐம்பதுக்குள் அதில் முகம் காட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு அடுத்த வருஷம்தான். இரண்டு வருஷமாக அக்கா வீட்டு சோபாவில் படுத்து எழும் பெண். இன்னொரு வருஷத்தை அந்த முதுகு தாங்காது.

அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸை ஏற்றியவர் மெக்கானிக். "இலவசம், வைரஸ் வராது" என்று மாடிப்படியில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் ஓதுவார். அதில் பல வகை உண்டு, ஒன்றுக்குக் கட்டிய செயலிப் பொட்டலத்தை இன்னொன்று தொடாது என்பதை மட்டும் சொல்லமாட்டார். அவருடைய வகை ஏற்றுக்கொள்வது டெப் பொட்டலம். நேற்று இறக்கி வைத்தது வேறு வகைக்கான ஆர்பிஎம்.

"மாத்திக்கலாம்" என்றார். வேறு கம்பெனி உதிரியை அரத்தால் ராவிப் பொருத்திப் பழகிய கை. ஏதோ கட்டளை தட்டினார்; ஆர்பிஎம் டெப்பாகி உள்ளே ஏறியது. சொடுக்கினால் ஒரு ஜன்னல் மின்னி மறைந்தது. மறுபடி சொடுக்கினார். மறுபடி மின்னல்.

"இது ஓடறதுக்கு வேணுங்கிற என்னமோ லைப்ரரி ஃபைல் இல்லைங்குது."

"அதுக்கு வேணுங்கிறது நம்ம வீட்ல என்னைக்கு இருந்திருக்கு" என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

கொழுந்தியாள் போனைத் துழாவிக்கொண்டிருந்தாள். "மாமா, ஆப்இமேஜ்னு இன்னொண்ணு குடுத்திருக்காங்க. வேணுங்கிறதெல்லாம் தானே சுமந்துட்டு வருமாம். ஏத்தவே வேணாம், நேரா ஓடுமாம்."

அது இறங்குவதற்குள் மணி பத்து நாற்பது. சொடுக்கினார். 'அனுமதி இல்லை.' ஃபைலின் இயக்க அனுமதிக் கட்டத்தில் டிக் போட்டார். 'அனுமதி இல்லை.' டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார். அதே பதில்.

"உங்க கம்ப்யூட்டருக்கே உங்க மேல நம்பிக்கை இல்ல போல" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் நகத்தைக் கடித்துத் தசை வரைக்கும் போய்விட்டிருந்தாள்.

மனைவிதான் கேட்டாள். "ஏங்க, என் தம்பி பென் டிரைவ் கொண்டு வந்தானே, அன்னைக்கு ஏதோ பூட்டுப் போட்டீங்களே?"

மெக்கானிக்கின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் ஸ்விட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது அவர் தொழில் வழக்கம். வெளியிலிருந்து வருவதெல்லாம் போய் இறங்குகிற டிஸ்க்கிலும் அதையே செய்திருந்தார்: அங்கிருந்து எந்த ப்ரோகிராமும் ஓடக்கூடாது. செய்ததை மறந்தும்விட்டார்.

"அது பாதுகாப்புக்கு."

"யார்கிட்ட இருந்து? என் தம்பிகிட்ட இருந்தா?"

"அப்புறம் பேசலாம்."

"பேசுவோம். நல்லாவே பேசுவோம்."

கொழுந்தியாள் மாமாவின் கையைத் தட்டிவிட்டாள். ஃபைலை அந்த டிஸ்க்கிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மாற்றி, டிக் போட்டுச் சொடுக்கினாள். திரை வெளுத்தது. வெளுத்தபடியே இருந்தது. பத்து நாற்பத்தெட்டு. நான் கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிறகு ஒரு சின்னக் கட்டத்தில், தலை கலைந்து, அவள் முகமே வந்து நின்றது.

"மூணு பேரும் வெளிய போங்க" என்றாள், திரும்பாமலே.

ஒன்றரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். தம்பி விவகாரம் அங்கேதான் நடந்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

வேலை கிடைத்தது. அடுத்த மாதமே இரண்டு பெட்டிகளோடு கிளம்பிப் போனவள், பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து மேஜைக்காரரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பந்தலில் வரவேற்க நின்றது அந்தத் தம்பி. மெக்கானிக்கைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தான். போன வருஷம் மெக்கானிக் குடும்பமும் ஊரின் மறுகோடிக்கு வீடு மாறிப் போய்விட்டது, தம்பி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. இடம் பார்த்தது மனைவி.