அடிப்பக்கம் பல் இருந்ததா?

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் படத்திலிருந்து வந்தது. மலையேறப் போன குருபிரசாத், இமாசலத்து தேவதாருக் காட்டில் ஒரு காளானைப் பார்த்துப் படமெடுத்து, எங்கள் அபிராமபுரம் அடுக்ககத்தின் குழுவில் போட்டான். மேலே பழுப்புச் செதில்கள். திருப்பிப் பிடித்து எடுத்த இன்னொரு படத்தில், மற்றக் காளான்களுக்கு விசிறி மடிப்பு இருக்கும் இடத்தில், சின்னச் சின்னப் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஊசியிலைக் காடுகளில் முளைப்பதாம். இதற்குத் தமிழில் பெயர் உண்டா என்று தெரியவில்லை. பல்காளான் என்று வைத்துக்கொள்கிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

படத்துக்குக் கீழே அவனுடைய அம்மா ஒரே வரி எழுதியிருந்தார்: "ஆத்துக்குக் கொண்டு வந்துடாதே."

குருபிரசாத் கொண்டுவரவில்லை. நல்ல பிள்ளை. அதனால் கதைக்கு லாயக்கில்லை. கொண்டுவருகிற ஒருவனை நானே உண்டாக்க வேண்டியிருந்தது.

2

முதல் தொடக்கம்: "மார்கழிப் பனியைச் சுமந்து தேவதாரு மரங்கள் மௌனமாக..."

அடித்துவிட்டேன். நான் இமாசலத்தைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த குளிர் தி.நகர் ஜவுளிக்கடை ஏசிதான். தவிர, அந்தக் காளான் மழைக்காலத்தில் முளைப்பது.

இரண்டாவது தொடக்கம்: "காலையில் காபி குடிப்பதற்குள் சுஹாஸ் வாந்தி எடுக்க ஆரம்பித்தான்."

இது இருக்கட்டும்.

3

சுஹாஸ் மயிலாப்பூர்க்காரன். மனைவி ஷ்ரேயா, அம்மா காமாக்ஷி, அவன், மூன்று பேர்தான் வீட்டில். அந்த வீட்டுச் சமையலறைக்குள் காளான் வந்ததே கிடையாது. முருங்கைக்காய் வரும், வெங்காயம் நாள் கிழமை பார்த்து வரும், காளான் வராது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

மலையிலிருந்து சுஹாஸ் காளான்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தான். காமாக்ஷி சாயங்காலம் கோயிலுக்குப் போனதும், பால்கனியில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து அவனே நறுக்கி அவனே வதக்கினான். ஷ்ரேயா வாசற்கதவில் காவல் நின்றாள். சமையலுக்குத் துணை நிற்கத் துணிந்தவளுக்கு வாயில் வைக்கத் துணிச்சல் வரவில்லை, அவள் சாப்பிடவில்லை. பிறகு இருவரும் வாணலியைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். ஊதுபத்தி கொளுத்தினார்கள். மிச்சம் மீதியைப் பையில் கட்டி, லஸ் முனைக் குப்பைத்தொட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தாள் ஷ்ரேயா.

(இந்தக் குப்பைத்தொட்டியை நினைவில் வையுங்கள். மாநகராட்சி வண்டி காலையிலேயே அதைக் காலி செய்துவிட்டது. எனக்கே வருத்தம்தான்.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் வஜீஹா கேட்டார். "மிச்சம் ஏதாவது இருக்காம்மா? ஒரு துண்டு? ஃபோட்டோ?"

"இல்லை டாக்டர். எல்லாம் அலம்பிட்டோம்."

"நேத்து நைட் சாப்பிட்டிருக்காரு, காலையிலதான் வாந்தி. சாப்பிட்ட உடனே வாந்தி வந்திருந்தா நான் இவ்ளோ பயப்பட மாட்டேன். லேட்டா வர்றதுதான் மோசம். சில காளான் ஈரலைத் தின்னுடும். அப்படின்னா அதுக்குன்னு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே மாத்தணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அடியில பல்லு மாதிரி இருந்துச்சா, மடிப்பு மடிப்பா இருந்துச்சா?"

"பல்லுன்னுதான் சொன்னார். அவர் நறுக்கி வெச்சதைத்தான் நான் பாத்தேன்."

கட்டிலில் சுருண்டிருந்த சுஹாஸ் வாயைத் துடைத்துக்கொண்டான். "எல்லாத்தையும் திருப்பிப் பாக்கலை டாக்டர். ஒரே மழை. கூட வந்தவா எல்லாம் இறங்கிப் போயிண்டிருந்தா. கிடைச்சதைப் பறிச்சுண்டு ஓடிட்டேன்."

எனக்கு இந்த இடத்தில் அவன்மேல் கோபம் வந்தது. முட்டாள்.

4

இனி காமாக்ஷி. வெளியே நாற்காலியில் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் பிரதியில் இவளை டிவி சீரியல் மாமியாராக எழுதியிருந்தேன். "என் ஆத்துல இந்தக் கண்றாவியா!" என்று ஆஸ்பத்திரியிலேயே கத்துவாள். எழுதச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று எழுதுகிற கைக்கே தெரிந்துபோனது.

நடந்தது வேறு. நேற்று மத்தியானம் கறிவேப்பிலை தேடி ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டை இழுத்தவள், செய்தித்தாள் பொட்டலத்தைப் பார்த்தாள். பிரித்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பற்கள், பூனை நாக்கு மாதிரி. கடைசியில் கிடந்த ஒன்று மட்டும் வெளுப்பாக, அடியில் மடிப்பு மடிப்பாக இருந்தது. அதில் பல் இல்லை.

பழையபடி மடித்து வைத்தாள். கையை அலம்பி, குளித்தும்விட்டாள். மருமகள் வந்த நாளாக இந்த வீட்டில் எத்தனையோ "கூடாது" சொல்லியாகிவிட்டது. குழந்தைகள் ஆசைப்பட்டு எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு தடவை பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்குச் சந்தோஷம்கூட. சாயங்காலம் கபாலி கோயில் பிராகாரத்தில் வேண்டுமென்றே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று.

வழக்கம்போல ஒரு சத்தம் போட்டிருந்தால் பொட்டலம் அப்போதே தெருவுக்குப் போயிருக்கும். இந்தப் பாவியை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

5

முடிவுகள், எழுதிக் கைவிட்டவை.

காமாக்ஷியும் திருட்டுத்தனமாக ஒரு துண்டு தின்றிருக்கிறாள் என்பது ஒன்று. மலிவு. வெறும் மலைப்பயண அஜீரணம், மோர் குடித்ததும் சரியாகிவிட்டது என்பது இன்னொன்று. வாசகர் என்னை அடிக்க வருவார். குப்பை வண்டியைத் துரத்திக்கொண்டு ஷ்ரேயா பெருங்குடிக் குப்பைமேடு வரை ஆட்டோவில் போவதாக ஒன்று எழுதி, பாதியில்...

உண்மையில் நான் நேரத்தைக் கடத்திக்கொண்டிருக்கிறேன். காமாக்ஷியும் அதைத்தான் செய்கிறாள். சொன்னால் அது நிஜமாகிவிடும். சொன்னால், தெரிந்தும் சும்மா இருந்தவள் என்று ஆகிவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவன் ஈரல்.

6

டாக்டர் வஜீஹா மறுபடி வெளியே வருகிறார். "யாருமே பாக்கலையா? வீட்ல வேற யாருமே?"

"யாருமே இல்லை டாக்டர்," என்கிறாள் ஷ்ரேயா. "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. தெரிஞ்சா..." காமாக்ஷி பக்கம் திரும்பாமலே குரலைத் தாழ்த்துகிறாள்.

காமாக்ஷி எழுந்துவிட்டாள். சத்தியமாக நான் எழுப்பவில்லை. உட்காரவைத்து ஒரு வாக்கியம் எழுதினேன், அது நிற்கவில்லை.

"டாக்டர்." குரல் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்கிற மாதிரி தெளிவாக வருகிறது. "ஒண்ணுல பல் இல்லே. வெள்ளையா, மடிப்பு மடிப்பா இருந்தது. நான் பாத்தேன்."

 டாக்டர், ஆம்புலன்ஸ் என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

அவன் பிழைத்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். அது வண்டியும் மருந்தும் பார்த்துக்கொள்கிற காரியம். எனக்கு எழுத வராத இடம் வேறு.

ஷ்ரேயா திரும்பிவிட்டாள்.

"பாத்தேளா? எப்போம்மா?"

"நேத்திக்கு மத்தியானம்."

"அப்பறம் ஏன் ஒண்ணுமே சொல்லலை?"

காமாக்ஷியிடம் இதற்குப் பதில் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். உலகத்தில் அது தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர்தான். அவளுக்கு வாய் வரவில்லை. எனக்குக் கை வரவில்லை. ஷ்ரேயா காத்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்.