தேநீர் விருந்தின் முதற்பக்கம்

இரண்டு ஆண்டுகளாக, மாதத்தில் இரண்டு தடவை, கடல் பெருகும் நாட்களில், பதினோராம் இலக்க மீன்கடையின் கீழிருந்த வடிகான் தன் கடமையைத் தலைகீழாகச் செய்தது. வெளியேற வேண்டிய நீர் உள்ளே வந்தது. நாறும் நீரில் நின்று மீன் வாங்க எவரும் விரும்பவில்லை; வாடிக்கையாளர்கள் தெருவோரக் கூடைகளை நாடிப் போயினர். தவக்காலம் தொடங்குமுன் இது தீராவிட்டால் கடையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதென அற்புதராணி முடிவு செய்திருந்தாள்.

சந்தையைத் தன் பணத்தில் கட்டியது ஒரு தனியார் நிறுவனம். பிரதேச சபை அதனை இருபத்தைந்து ஆண்டுத் தவணைகளில் திருப்பிச் செலுத்தி வந்தது. அற்புதராணி சபைக்குப் போனாள். கட்டடம் நிறுவனத்தின் பொறுப்பு என்றார்கள். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். கட்டடத்தில் குறையில்லை, கடல் தங்கள் பொறுப்பில் இல்லை என்று மிகப் பணிவாகச் சொன்னார்கள்.

"அப்ப கடலுக்குத்தான் மனு எழுதவேணும்," என்றாள் பக்கத்துக் கருவாட்டுக் கடைக் கமீலா. புத்தளத்தில் இருந்த காலத்தில் அவள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவள். "அதுக்கு முதல், சபைக்கும் கொம்பனிக்கும் என்ன உடன்படிக்கை எண்டு கேப்பம், ராணியக்கா."

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் போனது. ஐந்து கிழமைகளின் பின் ஒரு தடித்த உறை வந்தது. பெரும்பகுதி வணிக இரகசியமெனக் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தது. மறைக்க மறந்த ஒரு பக்கத்தில், சந்தையில் குறையேதும் இல்லை என வியாபாரிகள் ஆண்டுதோறும் ஒப்பமிட்டால் மட்டுமே சபை தவணையைச் செலுத்தும் என்றிருந்தது. அதன் பின்னால், சென்ற ஆண்டு ஒப்பங்களின் பிரதி.

"நாங்கள் உந்த ஒப்பத்தை எப்ப வைச்சனாங்கள்?" என்றாள் அற்புதராணி.

கமீலா விரலால் காட்டினாள். பதினோராம் இலக்கத்துக்கு நேரே அற்புதராணியின் ஒப்பம். அதன்மேல் கோப்பை வைத்த வட்டமான கறை.

ஆண்டுதோறும் தை மாதத்தில் நிறுவனம் வியாபாரிகளுக்குத் தேநீர் விருந்து வைக்கும். மீன் விற்பவர்களுக்கு மீன் றோல்ஸ். அதைப் பற்றி எவரும் முறைப்பட்டதில்லை. இடையே, வந்தவர்களின் கணக்குக்கு என்று ஒரு தாள் சுற்றிவரும். அதில் பெயர், கடை இலக்கம், ஒப்பம் என மூன்று நிரல்கள். அடியில் '2' என்ற பக்க எண்.

"ரெண்டாம் பக்கத்தைக் கண்டும் முதலாம் பக்கத்தைக் கேக்கேல்லையே நான்," என்றாள் கமீலா. அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

"வாய் நிறைய றோல்ஸை வைச்சுக்கொண்டு எப்பிடிக் கேக்கிறது?" என்றாள் அற்புதராணி.

இவ்வாண்டு விருந்துக்குத் தாளுடன் வந்தவன் சிவதர்ஷன்; நிறுவனத்துக்குப் புதியவன், உடுப்பிட்டிக்காரன், பளபளக்கும் சப்பாத்துக்காரன்.

"முதலாம் பக்கம் எங்கை, தம்பி?" என்று கேட்டாள் அற்புதராணி.

"எனக்கும் உந்தப் பக்கத்தைத்தான் தந்தவை, அக்கா." அது உண்மை என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"பரவாயில்லை. நாங்கள் ஒண்டு எழுதி வைச்சிருக்கிறம்."

கமீலா நீட்டிய தாளை அவன் வாசித்தான். 'பெற்றவை: மீன் றோல்ஸ் எழுபத்திரண்டு, தேநீர் முப்பத்தாறு. பெறாதவை: பதினோராம் கடைக்கு உலர்ந்த நிலம்.' அடுத்த பக்கத்தில் முப்பத்தாறு ஒப்பங்கள்; நிறுவனத்தின் தாளில் ஒன்றுமில்லை. இரு பக்கங்களிலும் எண் இடப்பட்டிருந்தது.

"உந்தத் தாளை நான் மேலிடத்துக்கு எப்பிடிக் குடுக்கிறது?"

"கையாலை குடுங்கோ," என்றாள் கமீலா.

பத்தாம் நாள் நான்கு பேர் வந்து, வடிகானின் வாயில் கடல்நீரை உள்ளே விடாத ஒரு மூடியைப் பொருத்தினார்கள். இரண்டு ஆண்டு முறைப்பாட்டுக்கு அரைநாள் வேலை.

அடுத்த பெருக்கன்று சிவதர்ஷன் நிறுவனத்தின் தாளை, இம்முறை இரு பக்கங்களையும், கொண்டுவந்தான். கடல் ஏறி முடியும்வரை அற்புதராணி அவனைக் கடைமுன்னே நிறுத்தி வைத்தாள். "சும்மாதானே நிக்கிறியள்," என்று ஒரு கிலோ விளைமீனையும் விற்றாள். அவனுக்குப் பின்னால் வேறு மூவர் மீனுக்குக் காத்துநின்றார்கள். சப்பாத்து நனையவில்லை.

கமீலா முதற்பக்கத்தை இரண்டு தடவை உரக்க வாசித்த பின்பே அற்புதராணி ஒப்பமிட்டாள். பக்கத்தில், 'இன்று உலர்ந்திருக்கிறது' என்றும் எழுதினாள்.

"அக்கா, உதிலை குறிப்பு எழுத இடமில்லையே."

"ஓம் தம்பி. அதுதான் சின்னதா எழுதினனான்."