வெற்றிலை வைத்த பெட்டிகள்

பாப்பாரப்பட்டி லைனுக்குப் போன முப்பத்தெட்டுப் பெட்டிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. யோசித்து யோசித்து எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

மொரப்பூர் கண்ணம்மாள் முறுக்குக் கம்பெனியில் கடைகளுக்குச் சரக்கு அனுப்புவது என் பொறுப்பு. கண்ணம்மாள் எங்கள் முதலாளி முனிராஜின் அம்மா. தவறிப்போய் நான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறுக்குக் கவரிலும் அந்தம்மா பொட்டு வைத்துக்கொண்டு சிரிப்பார்.

முன்பெல்லாம் சரக்கு அட்டைப்பெட்டியில்தான் போகும். இறக்கிய அன்றே அந்தப் பெட்டி கடைக்குப் பின்னால் எரியும். எத்தனை நாள்தான் அந்தப் புகையைப் பார்ப்பது? தக்காளி மண்டியில் அடுக்கியிருக்குமே, அந்த மாதிரிப் பிளாஸ்டிக் பெட்டியில் அனுப்பலாம், திரும்பி வந்ததும் கழுவி மறுபடி அனுப்பலாம் என்று முதலாளியை ஒரு வருடம் நச்சரித்து வாங்க வைத்தவள் நான். இப்போது பெட்டி வராவிட்டால் என் வார்த்தைக்கு என்ன மரியாதை?

"சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா பழையபடி அட்டைதாம்மா தேவிப்பிரியா. அட்டைக்காரருக்குப் போன் பண்ணிடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். பாப்பிரெட்டிப்பட்டி லைனில் எல்லாப் பெட்டியும் ஒழுங்காகத் திரும்புகின்றன. இந்த ஒரு லைனுக்கு மட்டும் என்ன வந்தது? இடையில் அந்த லைனுக்கு மிச்சமிருந்த அட்டைப்பெட்டியில்தான் சரக்குக் கொண்டுபோனான் வேன் ஓட்டும் மாது. அவனைக் கேட்டேன்.

"இன்னும் ரெடியாவல, அப்புறம் தர்றோம்னு சிரிக்கிறாங்க மேடம்" என்றான்.

காலிப்பெட்டியில் ரெடியாவதற்கு என்ன இருக்கிறது? கோழி அடைத்திருப்பார்களோ, அழுக்குத் துணி போட்டு வைத்திருப்பார்களோ, எவனாவது பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டார்களோ? கண்டபடி யோசித்துக்கொண்டே வியாழக்கிழமை காலையில் தருமபுரிக்குப் போய்ப் பஸ் மாறிப் பாப்பாரப்பட்டியில் இறங்கினேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

முதல் கடை ராமக்காள் ஸ்டோர். உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கே போன எங்கள் பெட்டிகள் ஐந்தும் பளிச்சென்று கழுவி, சாமி படத்துக்குக் கீழே அடுக்கி, மேலே துண்டு போர்த்தி இருந்தன. எங்கள் கம்பெனியில்கூட அவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை.

"என்னக்கா, பெட்டிய எப்பத் தரப்போறீங்க? எங்க மொதலாளி என் உயிரை எடுக்கறாரு."

"கோவிச்சுக்காத கண்ணு" என்றார் ராமக்காள். "புதுப் புளி இன்னும் வரல. பத்து நாள்ல வந்துடும். இந்தப் பக்கத்துக் கடைக்காரங்க எல்லாருமே பேசி வெச்சிருக்கோம், ஒண்ணா புளி போட்டு அனுப்பறதுன்னு."

"புளி எதுக்குக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா கேள்வி கேக்கற நீ? வெத்தல, பாக்கு, மஞ்ச வெச்சு வந்த பெட்டி. அத வெறும் பெட்டியா அனுப்பச் சொல்றியா? வரிசை வெச்சவங்க எங்கள என்னான்னு நெனப்பாங்க?"

அப்போதுதான் உறைத்தது. தை வெள்ளிக்கிழமை, முதல் லோடு. புதுப் பெட்டியாயிற்றே என்று கற்பூரம் காட்டி, ஒவ்வொன்றிலும் வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள் என்று என் கையாலேயே வைத்தேன். அந்த லோடு போனது பாப்பாரப்பட்டிக்கு. மற்ற லைனுக்கெல்லாம் மறுநாள்தான் போயிற்று, வெற்றிலை இல்லாமல். மூன்று வாரமாக ஊரையெல்லாம் திட்டிய என்னை நானே என்ன செய்வது?

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. விடாமல் கேட்டேன்: "பால் பெட்டி தெனமும் காலியாத்தானக்கா போவுது?"

"பால்காரன் வெத்தல வெச்சா அனுப்பறான்?"

சனிக்கிழமைக்கு இரண்டே நாள்தான். பத்து நாள் முதலாளி பொறுக்கமாட்டார். முகம் கழுவலாம் என்று கடைக்குப் பின்பக்கம் போனேன். அங்கே ஒருவர் குப்பையைக் கூட்டிக் குவித்து, தீப்பெட்டியோடு நின்றிருந்தார். குவியலில் பாதி எங்கள் கவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலிலேயே தின்றுவிட்டுப் போட்டவை. நூறு கண்ணம்மாள்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரைச் சற்று நிற்கச் சொல்லிவிட்டு ராமக்காளைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இதப் போட்டு அனுப்புங்க."

"குப்பையவா! கவர்ல இருக்கற அந்தம்மா மொகத்துல நாங்க முழிக்க வேணாமா?"

"அந்தம்மா மொகத்தத்தானக்கா தெனமும் கொளுத்தறீங்க."

ராமக்காள் குவியலைப் பார்த்தார். குனிந்து ஒரு கவரை எடுத்து, முந்தானையால் துடைத்தார். "இத்தினி நாள் கண்ணுல படவே இல்ல பாரு" என்றார். அவர் சொன்னால் மற்றக் கடைகளும் கேட்கும். கேட்டன.

சனிக்கிழமை மதியம் மாது முப்பத்தெட்டுப் பெட்டிகளையும் இறக்கினான். முதலாளி எண்ணிப் பார்த்துச் சந்தோஷமாக ஒன்றைத் திறந்தார். மேலே வெற்றிலை, பாக்கு, ஒரு மஞ்சள். அதற்கடியில் அமுக்கி அமுக்கி அடைத்த கவர்கள். சில கசங்கியிருந்தன. ஒன்றில் பாதி முகம் தீய்ந்திருந்தது, மீதிப் பாதி சிரித்தது.

"என்னம்மா இது?"

"நம்ம கவர்தாங்க சார். ரெண்டு நாள்ல சேந்தது. தெனமும் கடைக்குப் பின்னால இதத்தான் கொளுத்தறாங்க."

அவர் அந்தத் தீய்ந்த கவரைக் கீழே வைக்கவே இல்லை. அதைக் கையில் வைத்தபடியே அட்டைக்காரருக்குப் போன் போட்டு, வேண்டாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இந்தக் கவருக்கும் ஒரு வழி பாரும்மா. அதுவரைக்கும் எல்லாம் இங்கயே வரட்டும். எங்கம்மாவ இனிமே தெருவுல விடாதீங்க."

என்ன வழி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திங்கட்கிழமை லோடு ஏற்றும்போது மாது கேட்டான்: "இந்தத் தடவ வெத்தல பாக்கெல்லாம் வேணாமுங்களே மேடம்?"

"எல்லா லைனுக்கும் வை" என்றேன். வைக்காவிட்டால் பெட்டி கவர் இல்லாமல் வெறுமனே அல்லவா திரும்பி வந்துவிடும்.